அவை ஏற்காத கோமாட்டி: மதாம் து பாரியின் வாழ்வும் அவர் பெயரில் எழுந்த ஆவணங்களும் (1743–1793)

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் இறுதி அரச ஆசைநாயகியாக விளங்கிய மதாம் து பாரியை வெர்சாய் அரசவை மனமுவந்து ஏற்றதில்லை. ஆயினும் அந்த அவையின் எச்சம் என்று கருதப்பட்டே அவர் 1793 டிசம்பரில் கொல்லப்பட்டார். இந்த முரண், அவர் பெயரில் எழுந்த பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, திருட்டு அறிவிப்பு, தீர்ப்பாயப் பதிவு ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரையில் ஆராயப்படுகிறது. அவையின் எதிர்ப்பு ஒழுக்கத்தைப் பற்றியதன்று, பிறப்பைப் பற்றியது என்பது இதன் கருதுகோள்.

திறவுச் சொற்கள்: மதாம் து பாரி, பதினைந்தாம் லூயி, வெர்சாய், அவை அறிமுகச் சடங்கு, பிரெஞ்சுப் புரட்சி, சமோர்.

முன்னுரை

மதாம் து பாரியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றையே சொல்லிவந்துள்ளனர். நாட்டின் கருவூலத்தைத் தின்று தீர்த்த பொதுமகள் என்பது ஒன்று. கில்லட்டின் மேடையில் உயிருக்குக் கெஞ்சிய பேதை என்பது மற்றொன்று. முதற்கதை அவர் வாழ்ந்த காலத்துத் துண்டுப்பிரசுரங்களிலிருந்து பிறந்தது. இரண்டாவது, புரட்சிக்குப் பிந்தைய நினைவுக்குறிப்புகளிலிருந்து வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோன்கூர் சகோதரர்களின் நூல் (1878) இரண்டையும் ஒருங்கே சுவைபடச் சொன்னது. ஆவணங்களைத் தேடி எடுத்து அவற்றின் மீது ஒரு வாழ்க்கை வரலாற்றைக் கட்டியவர் ஷார்ல் வத்தேல். அவருடைய மூன்று தொகுதிகள் 1883இல் வெளிவந்தன. தமிழ் வாசகர் பலரும் அறிந்த ஸ்டெஃபான் ஸ்வைக், மரி அந்துவானெத் பற்றிய தம் நூலில் (1932) து பாரிக்கு ஓர் இயலையே ஒதுக்கினார். எனினும் அங்கும் அவர் இளவரசியின் செருக்கை விளக்கிக்காட்ட உதவும் துணைப்பாத்திரமாகவே நிற்கிறார்.

இவற்றுக்கிடையே ஒரு வினா உரிய கவனம் பெறவில்லை. வெர்சாய் அவை இப்பெண்ணிடம் மறுத்தது எதை? மன்னனுக்கு ஆசைநாயகி இருப்பதையா? அப்படிக் கொள்வதற்கில்லை. பதினான்காம் லூயி காலம் முதல் அவ்வவை ஆசைநாயகியரோடு வாழப் பழகியிருந்தது. அவர்கள் வழியே பதவி பெற்ற குடும்பங்கள் பல. தமிழில் ஆசைநாயகி என்னும் சொல் ஓர் உறவை மட்டுமே சுட்டும். பிரெஞ்சு அரசவை வழக்கிலோ அது ஏறக்குறைய ஒரு பதவி. அதற்கு நியமன ஆணை கிடையாது. ஆனால் எல்லோரும் கண்டறியக்கூடிய ஒரு சடங்கு உண்டு. அதுவே அவை அறிமுகம். முன்னரே அறிமுகம் பெற்ற உயர்குடிப் பெண் ஒருவர் புதியவரை மன்னர் முன்னும் அரச குடும்பத்தார் முன்னும் அழைத்துச் சென்று நிறுத்தவேண்டும். அச்சடங்கு நிகழாதவரை ஒரு பெண் இரவில் பின்படிக்கட்டு வழியாக மன்னரின் அறைக்கு வரலாம். பகலில் அவருடைய வண்டியில் ஏறவோ, அவை விழாக்களில் அமரவோ இயலாது.

1760இல் வகுக்கப்பட்ட விதியின்படி அவை மரியாதைகளைக் கோரும் குடும்பம் தன் உயர்குடித் தொடர்ச்சியை 1400ஆம் ஆண்டு வரை ஆவணங்களால் மெய்ப்பிக்கவேண்டும். மன்னர் விரும்பினால் விதிவிலக்கு அளிக்கலாம். விதிவிலக்குக்கும் தாளில் எழுதக்கூடிய ஒரு பெயரும், ஒரு கணவனும், ஒரு குலமும் தேவைப்பட்டன. து பாரியின் கதை இத்தாள்களிலிருந்தே தொடங்குகிறது.

இரண்டு பிறப்புகள்

ஜான் பெகூ 1743 ஆகஸ்டு 19 அன்று கிழக்குப் பிரான்சின் வொக்குலேர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய் ஆன் பெகூ, தையல் வேலை செய்துவந்தவர், மணமாகாதவர். தந்தையின் பெயர் பதிவாகவில்லை. துறவுப் பெயரில் ‘ஆஞ்ஜ்’ என்றழைக்கப்பட்ட கோமார் தெ வொபெர்னியே என்னும் துறவியே தந்தையாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் கருத்து. தாய் பாரிசுக்குக் குடிபெயர்ந்தபோது சிறுமிக்கு ஒரு செல்வரின் ஆதரவு கிட்டியது. அதனால் சேன்த்-ஓர் கன்னியர் மடத்தில் கல்வி கற்றார். எழுத, படிக்க, ஓவியம் தீட்ட அங்கே பயின்றார். அந்த மடத்துக் கல்வியைப் பிற்காலத் துண்டுப்பிரசுரக்காரர்கள் வசதியாக மறந்துவிட்டனர். 15 வயதளவில் வெளியே வந்தவர் தலையலங்காரக்காரரிடமும், செல்வச் சீமாட்டி ஒருவரின் தோழியாகவும் இருந்தபின், லபீய் என்பவரின் அலங்காரத் துணிக்கடையில் விற்பனைப்பெண் ஆனார். அக்கடை உரிமையாளரின் மகள் அதெலாயித் லபீய்-கியார் பின்னாளில் பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓவியர்.

ஏறத்தாழ 1763இல் ஜான் பாப்திஸ்த் து பாரி என்பவர் அவர் வாழ்வில் நுழைந்தார். தூலூஸ் வட்டாரத்துச் சிறு பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த இவர் சூதாட்ட விடுதி நடத்தியவர். பெண்களை உயர்குடியினருக்கு அறிமுகப்படுத்திப் பயன் பெற்றவர். ஊரார் ‘தூர்த்தன்’ என்றே பட்டப்பெயர் இட்டிருந்தனர். 1768இல் மன்னரின் பார்வை ஜானின் மீது விழுந்தது. பொம்பதூர் சீமாட்டி இறந்து (1764) நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1768 ஜூனில் அரசி மரி லெக்சின்ஸ்காவும் காலமானார். 58 வயது மன்னர் இப்பெண்ணை அவையில் அமர்த்த விரும்பினார். அதற்குக் கணவன் வேண்டும், பெயர் வேண்டும். தூர்த்தனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்ததால் அவருடைய தம்பி கியோம் வரவழைக்கப்பட்டார்.

1768 செப்டம்பர் 1 விடியற்காலையில் பாரிசின் சேன்-லொரான் ஆலயத்தில் திருமணம் நடந்தது. அங்கு காட்டப்பட்ட பிறப்புச் சான்று போலியானது. அது பெண்ணின் வயதில் மூன்றாண்டைக் குறைத்தது. மணவுறவில் பிறந்தவர் என்றது. வொபெர்னியே என்னும் பெயரில் அவருக்கு ஒரு கனவான் தந்தையையும் படைத்தது. அவருடைய உண்மைத் தந்தை என்று கருதப்படும் துறவி, பெண்ணின் உறவினர் என்ற நிலையில் திருமணத்தில் கலந்துகொண்டார் என்பது வத்தேல் வெளிப்படுத்திய வேடிக்கைகளுள் ஒன்று. து பாரி குடும்பமும் தன் பங்குக்கு அயர்லாந்தின் பாரிமோர் பிரபுக்களின் கிளை என்று உரிமை கொண்டாடியது. மணமகன் ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு தூலூஸ் பக்கம் திரும்பினார். கணவனும் மனைவியும் ஒருநாளும் சேர்ந்து வாழவில்லை.

1769 ஏப்ரல் 22

சான்றுகள் கிடைத்தபின்னும் சடங்கு எளிதில் நடந்தேறவில்லை. அறிமுகம் செய்துவைக்க ஓர் உயர்குடிப் பெண் வேண்டும். அப்பழி தம்மேல் படிவதை எவரும் விரும்பவில்லை. இறுதியில் கடனிலும் வழக்கிலும் சிக்கியிருந்த பெயார்ன் கோமாட்டி, கடன்களை அடைக்கும் தொகைக்கு இசைந்தார். இசைந்தவரும் கணுக்கால் சுளுக்கியது என்று ஒருமுறை பின்வாங்கினார். வேட்டையின்போது மன்னர் குதிரையிலிருந்து விழுந்து கையில் காயமுற்றதால் மேலும் சில வாரங்கள் தள்ளிப்போயிற்று. 1769 ஏப்ரல் 22 மாலை அறிமுகம் நிகழ்ந்தது. அவர் வரத் தாமதமானபோது, வரவே மாட்டார் என்ற எதிர்பார்ப்பில் அவையினர் மகிழ்ந்திருந்தனர் என்று சமகாலக் குறிப்புகள் கூறும். மும்முறை தாழ்ந்து வணங்கி, நீண்ட ஆடைத்தொங்கலைக் காலால் ஒதுக்கியபடி பின்னோக்கி நடந்து விலகும் அச்சடங்கை அவர் பிழையின்றி நிறைவேற்றினார்.

இங்கே பொம்பதூரோடு ஒப்பிடுவது பயன் தரும். 1745இல் அறிமுகம் பெற்ற பொம்பதூரும் உயர்குடிப் பெண் அல்லர். நிதித்துறை சார்ந்த நகர்க் குடும்பத்தவர். அவரையும் அவை ஏளனம் செய்தது. எனினும் அவர் மணவுறவில் பிறந்தவர், முறையாக மணந்தவர், கலையிலும் அரசியலிலும் கூட்டாளிகளைத் திரட்டத் தெரிந்தவர். ஷுவாசெல் கோமகன் அமைச்சரானதே அவருடைய ஆதரவினால்தான். அதே ஷுவாசெல் து பாரியின் முதன்மை எதிரியாக நின்றார். ஒழுக்கமே காரணம் என்றால் இந்நிலை விளங்காது. ஷுவாசெலின் தங்கை கிராமோன் கோமகள் அவ்விடத்தைத் தாமே அடைய விரும்பினார் என்று அக்காலத்தார் பேசிக்கொண்டனர். அது மெய்யாயினும் வதந்தியாயினும், ஒரு கோமகள் அவ்விடத்தை விரும்புவது இழிவென எவரும் கருதவில்லை என்பது தெளிவு. துணிக்கடைப் பெண் அங்கே அமர்ந்ததே இழிவாயிற்று.

ஆகவே சடங்கு முடிந்தபின் எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. மன்னரின் விருந்துகளில் அவரருகே அமரப் பெண்கள் தயங்கினர். 1770 கோடையில் ஷுவாஸி அரண்மனை அரங்கில் அவருக்கு இடம்விட மறுத்த கிராமோன் கோமாட்டி அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். மன்னரின் ஆணை ஒருவரை அமரவைக்கலாம்; பேசவைக்க இயலாது.

ஒரு வாக்கியத்தின் அரசியல்

1770 மே மாதத்தில் ஆஸ்திரிய இளவரசி மரி அந்துவானெத், பட்டத்து இளவரசரின் மனைவியாக 14 வயதில் வந்துசேர்ந்தார். அரசி இல்லாத அவையில் அவரே முதற்பெண். மேல்நிலையில் உள்ளவர் முதலில் பேசாமல் கீழ்நிலையில் உள்ளவர் பேசுதல் அவை மரபன்று. இளவரசி வாய் திறக்காதவரை து பாரி பெற்ற அறிமுகம் அரைகுறையே. மன்னரின் மணமாகா மகளிரான அதெலாயித், விக்தோர், சோஃபி மூவரும் இளவரசியின் மௌனத்தை ஊக்குவித்தனர். நான்காமவரான லூயிஸ் அவ்வாண்டு சேன்-தெனி கார்மேல் மடத்தில் துறவு புகுந்தார். தந்தையின் பாவத்துக்கான கழுவாய் அது என்று பலரும் கருதினர்.

மௌனத்தைக் கலைக்க முயன்றது வியன்னா என்பது கவனத்திற்குரியது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா தம் தலைநகரில் ஒழுக்கக் கண்காணிப்புக் குழு அமைத்தவர். அவரே, தூதர் மெர்சியின் வழியாக, ஆசைநாயகியுடன் பேசும்படி மகளை நெருக்கினார். போலந்துப் பிரிவினை நெருங்கிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு மன்னர் மனம் கசந்திருப்பது ஆஸ்திரியாவுக்கு ஏற்றதன்று. 1771 கோடையில் நடந்த ஏற்பாட்டை அதெலாயித் இடையில் புகுந்து குலைத்தார். 1772 புத்தாண்டு நாளில், இன்று வெர்சாயில் கூட்டம் மிகுதி என்னும் பொருள்படும் ஒரு சிறு வாக்கியத்தை இளவரசி து பாரியிருந்த திசை நோக்கிச் சொன்னார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. ஐரோப்பியத் தூதர்கள் தத்தம் அரசுகளுக்கு அறிவிக்கத்தக்க செய்தியாக அவ்வாக்கியம் அமைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் போலந்தின் முதற்பிரிவினை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பிரான்சு தடுக்கவில்லை, தடுக்கும் ஆற்றலும் அன்று அதற்கு இல்லை. ஸ்வைக் இந்நிகழ்வை இரு பெண்களின் செருக்குப் போராக வரைந்தார். து பாரியின் பக்கமிருந்து பார்த்தால் அவர் கோரியது வெற்றியன்று. அறிமுகச் சடங்கு ஏற்கெனவே தந்திருக்கவேண்டிய ஒன்றையே அவர் கோரினார்.

அரண்மனைக்கு வெளியே அவருக்குக் கிடைத்த மரியாதைகள் இதற்கு மாறானவை. 1771இல் பாரிசுக்கு வந்த சுவீடனின் மூன்றாம் குஸ்தாவ் அவருடைய நாய்க்கு விலையுயர்ந்த கழுத்துப்பட்டையைப் பரிசளித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் லூவ்சியெனில் கட்டடக் கலைஞர் லெது எழுப்பிய இசை மண்டபம் திறக்கப்பட்டது. புதுச்செவ்வியல் பாணியின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. அதற்கென ஃபிராகொனார் தீட்டிய ஓவிய வரிசையைத் து பாரி திருப்பி அனுப்பிவிட்டு வியனின் படைப்புகளை ஏற்றார். திருப்பி அனுப்பப்பட்டவை இன்று நியூயார்க் ஃபிரிக் காட்சியகத்தின் பெருமைகளுள் அடங்கும். அம்முடிவு சுவைப்பிழை என்று பின்னாளில் எள்ளப்பட்டது. உண்மையில் புதிய பாணியைச் சார்ந்துநின்ற முடிவு அது.

பழி சுமக்கும் பெயர்

1770 டிசம்பர் 24 அன்று ஷுவாசெல் பதவி நீக்கப்பட்டார். ஃபாக்லாந்துத் தீவுகள் தொடர்பில் ஸ்பெயினுக்குத் துணைநின்று பிரான்சைப் போரில் இழுத்துவிடுவார் என்ற அச்சமும், உயர்நீதிமன்றங்களோடு அவருக்கிருந்த நெருக்கமும் முதன்மைக் காரணங்கள். மக்களிடையே பரவிய விளக்கமோ ஒன்றே: அவரைத் து பாரி கவிழ்த்தார். 1771இல் வேந்தவை அமைச்சர் மோப்பூ உயர்நீதிமன்றங்களைக் கலைத்து நீதிபதிகளை நாடுகடத்தியபோது எழுந்த சினமும் இப்பெயரின் மீதே விழுந்தது. மோப்பூ, நிதியமைச்சர் தெரே, அயலுறவு அமைச்சர் எகியோன் மூவரும் து பாரியின் அணியினராகக் கருதப்பட்டனர். எகியோனின் உயர்வில் அவருக்குப் பங்குண்டு, அதை மறுப்பதற்கில்லை. நீதித்துறைச் சீர்திருத்தத்தை அவர் வகுத்தார் என்பதற்குச் சான்றில்லை.

மன்னரை நேரடியாகப் பழிப்பது குற்றம். ஆசைநாயகியைப் பழிப்பது பாதுகாப்பான மாற்றுவழி. 1768 முதலே அவரைக் குறித்த தெருப்பாட்டுகள் புழங்கின. இலண்டனில் இருந்துகொண்டு தெவெனோ தெ மொராந்த் எழுதிய வசைநூலை வெளிவருமுன் விலைக்கு வாங்கி அழிக்க 1774இல் நாடகாசிரியர் போமார்ஷே அனுப்பப்பட்டார். மறுஆண்டு வெளிவந்ததும், பிதான்சா தெ மைரோபெர் எழுதியதாகக் கருதப்படுவதுமான து பாரி பற்றிய நூல், புரட்சிக்கு முந்தைய தடைசெய்யப்பட்ட நூல் விற்பனையில் இரண்டாம் இடம் பெற்றதாக ராபர்ட் டார்ன்டன் கணித்துள்ளார். பதிப்பு வணிகரின் கணக்கேடுகளை அடிப்படையாகக் கொண்ட அக்கணிப்பு வாசகர் விருப்பத்தை நம்பத்தக்க முறையில் காட்டுகிறது. து பாரியின் பெயரை முன்னிறுத்தி மக்கள் படித்தது முடியாட்சியின் சீரழிவுக் கதையை. ஒரு வகையில் இங்கேதான், அவை ஏற்க மறுத்த பெண் அவையின் முகமாக மாறத்தொடங்கினார்.

அவர் செலவாளி என்பது பொய்யன்று. நகைக்காரர், தையற்காரர், பீங்கான் விற்பனையாளர் ஆகியோரின் பட்டியல்கள் அதைக் காட்டுகின்றன. அதே வேளையில், பழிவாங்கும் இயல்பு அவரிடம் குறைவு என்பதை எதிரிகளும் ஒப்பினர். அதிகாரிகளை எதிர்த்த குற்றத்துக்காகத் தலைவெட்டத் தீர்ப்பிடப்பட்டிருந்த லுவேம் கோமான் தம்பதியருக்காக அவர் மன்னர் முன் மண்டியிட்டு உயிர்ப்பிச்சை பெற்றுத்தந்தார். பதவியிழந்த ஷுவாசெலுக்கு இழப்பீடு கிடைக்கவும் அவர் பேசியதாகக் கூறப்படுகிறது.

மெட்ஸ் நகரத்தின் நிழல்

1774 ஏப்ரல் இறுதியில் மன்னருக்குப் பெரியம்மை கண்டது. மரணப்படுக்கையில் பாவமன்னிப்புப் பெற ஆசைநாயகியை விலக்கவேண்டும் என்பது திருச்சபை நெறி. 30 ஆண்டுகளுக்கு முன் மெட்ஸ் நகரில் நோயுற்றபோது ஷத்தோரு கோமகளை மன்னர் அவ்வாறே இழிவுற விரட்டினார்; பின்பு பிழைத்தெழுந்து அந்த அவமானத்தை எண்ணி வருந்தினார். அந்த நினைவினால் இம்முறை அவர் காலம் தாழ்த்தினார். தொற்றும் நோய்க்கு அஞ்சாமல் து பாரி படுக்கையருகே இருந்தார். மே 4 அன்று மெட்ஸ் நிகழ்வு மீண்டும் வேண்டாம் என்று சொல்லி மன்னர் அவரை அனுப்பிவைத்தார். அவர் எகியோனின் ருவேல் மாளிகைக்குச் சென்றார். மே 7 அன்று, தாம் விளைத்த தீய எடுத்துக்காட்டுக்காக மன்னர் இறைவனிடமும் மக்களிடமும் மன்னிப்புக் கோருவதாகக் கர்தினால் அறிவித்தார். மே 10 அன்று மன்னர் இறந்தார்.

புதிய ஆட்சியின் முதல் ஆணைகளுள் ஒன்று து பாரியைச் சிறைப்படுத்தியது. அவர் அரசு இரகசியங்களை அறிந்தவர் என்பது சொல்லப்பட்ட காரணம். மோ நகரை அடுத்த போன்-ஒ-தாம் மடத்தில் அவர் காவலில் வைக்கப்பட்டார். பாழடைந்த அம்மடத்தின் கன்னியர் முதலில் அவரைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் அஞ்சினர் என்றும், சில மாதங்களில் அவரிடம் அன்பு பாராட்டினர் என்றும் வாழ்க்கை வரலாறுகள் கூறும். ஓராண்டுக்குப்பின் மடத்தைவிட்டு நீங்க இசைவு கிடைத்தது. பாரிசுக்கும் வெர்சாய்க்கும் அருகே வரத் தடை நீடித்தது. சேன்-வ்ரேனில் சிலகாலம் தங்கி, 1776இல் லூவ்சியெனுக்குத் திரும்பினார்.

லூவ்சியென் ஆண்டுகள் அவர் வாழ்வின் நீண்ட அமைதி. மரி அந்துவானெத்தின் தமையனும் பேரரசருமான இரண்டாம் ஜோசப் 1777இல் அங்குச் சென்று அவரைக் கண்டது அரசிக்குக் கசந்தது. பாரிஸ் ஆளுநராயிருந்த பிரிசாக் கோமகனோடு உறவு நிலைத்தது. ஓவியர் எலிசபெத் விஜே லெ புரூன் மூன்று உருவப்படங்கள் தீட்டினார். எளிய பருத்தி ஆடையோடு ஊர் ஏழைகளைச் சென்று காணும் ஒரு பெண்ணை அவருடைய நினைவுக்குறிப்புகளில் காண்கிறோம். அவ்வூரார் அவரை ஏற்றுக்கொண்டனர்.

திருட்டு அறிவிப்பு

1791 ஜனவரி 10 இரவு, து பாரி பாரிசில் பிரிசாக்கின் இல்லத்தில் தங்கியிருந்தபோது லூவ்சியென் மாளிகையில் நகைகள் திருடுபோயின. அவற்றை மீட்க அவர் செய்தது இயல்பானது: 2,000 லூயி பொன் பரிசு என்று கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு, களவுபோன ஒவ்வொரு வைரத்தையும் முத்தையும் விரித்துரைக்கும் அறிவிப்பை அச்சிட்டுப் பரப்பினார். ரொட்டி விலை உயர்ந்திருந்த நாட்டில் அந்தத் தாள் நகைப்பட்டியலாக மட்டும் படிக்கப்படவில்லை. அரசவை எப்படி வாழ்ந்தது என்பதற்கு அவையிலிருந்த ஒருவரே தந்த வாக்குமூலமாகப் படிக்கப்பட்டது. வசைநூல்கள் 20 ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அவர் தம் பெயரிலேயே அச்சிட்டுவிட்டார்.

திருடர்கள் அடுத்த மாதமே இலண்டனில் பிடிபட்டனர். நகைகள் அங்குள்ள வங்கியின் காவலில் முடங்கின. அவற்றுக்கு உரிமை நாட்ட அவர் நான்கு முறை இங்கிலாந்து சென்றார். நாட்டைவிட்டு வெளியேறிய பிரபுக்களை அங்கே சந்தித்தார். பதினாறாம் லூயி கொல்லப்பட்டபோது இலண்டனில் துக்க உடை அணிந்தார். இடையே 1792 செப்டம்பர் 9 அன்று வெர்சாயில் கும்பல் பிரிசாக்கைக் கொன்றது. அவருடைய தலை லூவ்சியெனுக்குக் கொண்டுவரப்பட்டுச் சாளரத்தின் வழியே வீசப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1793 மார்ச்சில் அவர் இலண்டனிலிருந்து பிரான்சுக்குத் திரும்பியதை வரலாற்றாசிரியர்கள் பலவாறு விளக்குவர். மாளிகையில் முத்திரையிடப்பட்டிருந்த உடைமைகளே அவரை இழுத்தன என்பது பொருந்தக்கூடிய விளக்கம். தாம் அரசவையைச் சேர்ந்தவரல்லர் என்று அவர் நம்பியிருந்தால் அதற்கும் காரணம் உண்டு. அவ்வவைதானே அவரைச் சிறையிட்டது.

லூவ்சியெனில் ஜார்ஜ் கிரீவ் என்னும் ஆங்கிலேயத் தீவிரவாதி குடியேறி அவருக்கெதிராகச் சான்று திரட்டினார். அவருக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் லூயி-பெனுவா சமோர். இவர் வங்காளத்தில் பிறந்து, சிறுவனாகப் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, து பாரிக்குப் பரிசாக அளிக்கப்பட்டவர். வெர்சாயில் பட்டாடையும் தலைப்பாகையும் உடுத்தி அவரை விளையாட்டுப் பொருளாக வைத்திருந்தனர். ஆப்பிரிக்கர் என்றே பலரும் எண்ணினர். வளர்ந்தபின் ரூசோவைப் படித்து ஜக்கோபின் சார்பினரானார். எசமானியால் வேலையிலிருந்து நீக்கப்பட்டபின் வெளிப்படையான எதிர்ச்சாட்சியானார். நன்றி கொன்றவர் என்று 19ஆம் நூற்றாண்டு நூல்கள் அவரைத் தூற்றின. பிறப்பினால் அவமதிக்கப்பட்ட து பாரி, தம் வீட்டில் வளர்ந்தவனின் பிறப்பிடத்தைக்கூட அறிய முனையவில்லை என்பதை அந்நூல்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

முதற்கைது 1793 கோடையில் நிகழ்ந்தபோது ஊரார் பலர் கையொப்பமிட்டு அவரை விடுவிக்க வேண்டினர், அவரும் விடுபட்டார். செப்டம்பர் 22 அன்று மீண்டும் கைதாகிச் சேன்-பெலாஜி சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 6, 7 தேதிகளில் புரட்சித் தீர்ப்பாயத்தில், ஃபூக்கியே-தான்வில் குற்றம்சாட்ட, அவருடைய வங்கியாளர்களான வந்தெனிவெர் தந்தையும் இரு மகன்களும் உடன் நிற்க, விசாரணை நடந்தது. நாடுநீங்கியோருக்குப் பணம் தந்தது, இலண்டனில் துக்கம் காத்தது, அரசின் கருவூலத்தை வீணடித்தது ஆகியவை குற்றங்கள். முதற்குற்றத்திற்கு ஓரளவு சான்று இருந்தது. மூன்றாவது, இறந்துபோன ஓர் ஆட்சியின் மீதான குற்றச்சாட்டு. நால்வருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

டிசம்பர் 8 காலை, உயிர் மிஞ்சும் என்ற நம்பிக்கையில், லூவ்சியென் தோட்டத்திலும் வீட்டிலும் தாம் புதைத்தும் மறைத்தும் வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதவைத்தார். அவர் வாழ்வின் இறுதிப் பட்டியல் அது. எழுதி முடித்தபின் வண்டியில் ஏற்றினர். மாலை மங்கும் வேளையில் புரட்சிச் சதுக்கத்தில் அவர் கதறினார். கொலையாளியிடம் இன்னும் ஒரு கணம் கேட்டார் என்பது பின்னர் நிலைத்த கதை. ஏழு வாரங்களுக்கு முன் அதே மேடையில் மரி அந்துவானெத் அசையாமல் நின்றதோடு ஒப்பிட்டு, து பாரியின் கதறல் குலமின்மையின் அடையாளம் என்று பலர் எழுதினர். விஜே லெ புரூன் மட்டும் மாறாகக் கருதினார்: மற்றவர்களும் அவ்வளவு செருக்கோடு சாகாமல் அவரைப்போல் கதறியிருந்தால் அந்தப் பயங்கர ஆட்சி முன்னரே முடிந்திருக்கும் என்றார்.

இலண்டனில் முடங்கிய நகைகள் 1795இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்கப்பட்டன. சமோர் 1820இல் பாரிசில் வறுமையில் இறந்தார். தீர்ப்பாயப் பதிவில் குற்றவாளியின் வயது 42 என்று உள்ளது; அன்று அவருக்கு 50. பெயர் பெகூ என்று இல்லை. பிரபுப் பட்டங்களையெல்லாம் ஒழித்த குடியரசு, 1768இல் ஒரு மன்னரின் வசதிக்காகப் புனையப்பட்ட வொபெர்னியே என்னும் பெயரிலேயே அவரைக் கொன்றது.